திறப்பைத் திருப்பியதும் என்ன சத்தம்? கார் ஸ்டார்ட் ஆகாதபோது பிழை தேடும் முறை

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது கோல் எடுத்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: திறப்பைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது? பலருக்கு உடனே பதில் வராது. பதற்றத்தில் சத்தத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். போய் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். "டிக் டிக் எண்டு அடிக்குது" என்றால் ஒரு வழி. "ஒரு டக், அவ்வளவுதான்" என்றால் வேறு வழி. "சுத்துது, ஆனா பிடிக்குதில்ல" என்றால் பற்றரிப் பக்கம் போகவே தேவையில்லை. சத்தத்தைக் கேட்காமல் பற்றரி வாங்கக் கிளம்பினால் காசு போகும், பிழை அப்படியே இருக்கும். எனக்கு அது நடந்திருக்கிறது. அந்தச் சத்தம் வரும் இடத்தில் சொல்கிறேன்.

நான் இருப்பது இலங்கையில், மட்டக்களப்பு நகரத்தை ஒட்டிய கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரைக்கும் ஏ4 வீதி பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது. இந்த வீதியோர ஊர்களின் கார்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக் காற்று. செப்பு வயரையும் இரும்பு நட்டையும் ஆறுதலாகத் தின்னும். மற்றது வெயில். குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில்தான் பற்றரி சாகும் என்பார்கள். அங்கே குளிரில் தெரியவருகிறது, அவ்வளவுதான். பற்றரியின் உள்ளே தண்ணீர் வற்றுவதும் ஈயத் தகடு அரிப்பதும் சூட்டில்தான் கெதியாக நடக்கின்றன. நமக்கு வருடம் முழுக்க அந்தச் சூடு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பவும் திறந்தது. ஆகவே நம் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை வயது போன கார்கள், வயரும் அதே வயது.

கையில் இருக்கவேண்டியவை

பெரிய ஆயுதப் பெட்டி வேண்டாம். 10ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்று; ஜப்பான், இந்தியக் கார்களின் பற்றரி முனை நட்டுக்குப் பெரும்பாலும் அதுதான். சிறிய டிஜிட்டல் மல்டிமீற்றர், டோர்ச், கையுறை, பழைய டூத்பிரஷ், ஒரு துண்டு சேண்ட் பேப்பர், நாலைந்து பியூஸ். அப்புறம், இன்னொரு காரின் பற்றரியில் இருந்து மின்சாரம் எடுக்க ஒரு சோடி ஜம்ப் வயர். இதை வாங்கும்போது மட்டும் வடிவாகப் பார்க்கவேண்டும். வெளியே ரப்பர் தடிப்பாக இருக்கும், உள்ளே நாலு நூல் செப்புக்கூட இராது. எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டர் இழுப்பது நூறு அம்பியருக்கு மேலே. மெல்லிய வயர் சூடாகுமே தவிர காரை ஸ்டார்ட் பண்ணாது.

எந்தச் சத்தமானாலும் முதலில் ஹெட்லைட்

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை எடுத்துவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். முன்னால் ஒரு மதில் இருந்தால் போதும், இல்லாவிட்டால் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். இப்போது திறப்பைத் திருப்பிக்கொண்டு லைட்டைப் பாருங்கள்.

லைட் முதலிலேயே மங்கல், அல்லது இல்லவே இல்லை என்றால் பற்றரி இறங்கியிருக்கிறது, இல்லை முனை கழன்றிருக்கிறது. லைட் நன்றாக எரிந்து, திருப்பியதும் செத்துப்போகிறது என்றால் பற்றரி பாரம் தாங்கவில்லை, அல்லது தொடுப்பு ஒன்று சரியில்லை. லைட் கொஞ்சமும் அசையாமல் எரிகிறது என்றால் ஸ்டார்ட்டர் வரைக்கும் மின்சாரமே போகவில்லை.

"ஹெட்லைட் எரியுதே, அப்ப பற்றரி நல்லம்தானே" என்று நிறையப் பேர் சொல்வார்கள். 55 வாட் ஹலோஜன் பல்ப் ஒன்று எடுப்பது ஐந்து அம்பியருக்கும் குறைவு. ஸ்டார்ட்டர் அதைப்போல் இருபது, முப்பது மடங்கு கேட்கும். லைட் எரிவதை மட்டும் வைத்துப் பற்றரிக்கு நற்சாட்சி கொடுக்க முடியாது. திருப்பும்போது அது என்ன ஆகிறது என்பதுதான் சாட்சி. எல்ஈடி ஹெட்லைட் உள்ள கார்களில் இந்த மங்கல் வடிவாகத் தெரியாது. அங்கே மீற்றரைத்தான் நம்பவேண்டும்.

டிக்-டிக்-டிக்-டிக் என்று வேகமாக அடிக்கிறது

ஸ்டார்ட்டரின் மேலே இருக்கும் சொலினொயிட் என்ற மின்காந்த சுவிட்ச் இழுக்கிறது, இழுத்ததும் வோல்ட் விழுகிறது, விழுந்ததும் விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. அந்த இழுபறிதான் சத்தம். பற்றரி பலவீனம் அல்லது முனைத் தொடுப்புப் பிழை, இரண்டில் ஒன்று.

போனட்டைத் திறந்து பற்றரி முனைகளைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கொஞ்சமும் அசையக்கூடாது. அசைந்தால் பிழையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரவில், வழியில், ஸ்பானரும் இல்லை என்றால், முனையை அழுத்தித் திருகிவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். பல தடவை வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் இறுக்கிவிடவேண்டும்.

முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழுவவேண்டும். முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஏன் என்றால், காரின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் உடம்பில் பட்டால் பெரிய பொறி பறக்கும், ஸ்பானர் ஒட்டிக்கொள்ளவும் கூடும். மைனஸைக் கழற்றியபின் அந்தப் பயம் இல்லை. சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பூப்பு கழன்று போகும். பற்றரியின் மூடித் துவாரங்களுக்குள் அந்தத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தூளில் ஈயம் இருக்கிறது; கையுறை போடுங்கள், பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள். துடைத்துக் காயவிட்டு, முனையின் வெளிப்புறத்தையும் வளையத்தின் உள்புறத்தையும் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் பூட்டுங்கள். இறுக்கியபிறகு மேலே வஸ்லின் பூசுங்கள். உப்புக் காற்றுக்கு அது நல்ல காவல். கடற்கரை ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் டிக்-டிக் சத்தத்தில் பாதி வராது.

இப்போது மீற்றர். கார் நாலைந்து மணித்தியாலம் ஓடாமல் நின்றபிறகு அளக்கவேண்டும். ஓடி நிறுத்திய கையோடு அளந்தால் பொய்க்கணக்குக் காட்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பற்றரி. 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி. 12க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. பிறகு மீற்றரை முனையிலேயே வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். 9.6க்குக் கீழே விழக்கூடாது. 12.6 காட்டிய பற்றரி திருப்பியதும் 7க்கும் 6க்கும் விழுந்தால் அது சார்ஜ் பண்ணியும் திருந்தாது. உள்ளே ஒரு கூடு (செல்) செத்திருக்கலாம். அப்போதுதான் புதிய பற்றரி வாங்கவேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியாக இருந்தால் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் பற்றரித் தண்ணீர் விடலாம். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். நம்மூர்க் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அதை விட்டால் அந்தப் பற்றரி முடிந்தது. அசிட் விடவே வேண்டாம்.

வேறு காரில் இருந்து ஜம்ப் பண்ணுவது

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இரண்டும் ஓஃப். சிவப்பு வயரின் ஒரு நுனி இறங்கிய பற்றரியின் பிளஸில், மறு நுனி நல்ல பற்றரியின் பிளஸில். கறுப்பு வயரின் ஒரு நுனி நல்ல பற்றரியின் மைனஸில். கடைசி நுனியை இறங்கிய பற்றரியில் கொழுவ வேண்டாம். அந்தக் காரின் எஞ்சினில் பூச்சு இல்லாத ஒரு இரும்பில், பற்றரிக்குக் கொஞ்சம் தள்ளிக் கொழுவுங்கள். கடைசித் தொடுப்பில்தான் பொறி பறக்கும், பற்றரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு நிற்கும். வெடித்தால் அசிட் முகத்தில் தெறிக்கும். அதே காரணத்துக்காகப் பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம். நல்ல காரை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு இந்தக் காரைப் பாருங்கள். பிடித்ததும் போட்ட ஒழுங்குக்கு நேர் எதிராகக் கழற்றவேண்டும்.

வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம், பொத்துவில் தாண்டிப் பாணமைப் பக்கம் நின்றுவிட்டால் வருவது பெரும்பாலும் பஸ்ஸோ லொறியோதான். உதவி செய்ய மனம் உள்ளவர்கள் உடனே இறங்கிவிடுவார்கள். அவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் வாகனம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? பெரிய பஸ், லொறிகளில் இரண்டு பற்றரிகளைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஓடுகிறது. அந்த இரண்டு வெளிமுனைகளிலும் காரைக் கொழுவினால் காரின் கணினியும் பல்புகளும் ஒரே நொடியில் போய்விடும். வயல் வேலைக்கு வந்த டிராக்டர் நின்றால் பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் பற்றரியில் பார்த்துவிட்டே கொழுவுங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மொறிஸ் மைனர்களில் பலவற்றில் உடம்பு பிளஸோடு சேர்ந்திருக்கும். அவற்றில் நான் மேலே சொன்ன ஒழுங்கு அப்படியே மாறும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது கையால் கியர் போடும் கார்களுக்கு மட்டும். திறப்பை ஓனில் வைத்து, இரண்டாம் கியரில் கிளச்சை மிதித்துக்கொண்டு, ஓட்டம் வந்ததும் கிளச்சைச் சட்டென்று விடவேண்டும். ஓட்டோ கியர் கார், ஹைபிரிட் கார் எதையும் இப்படி ஸ்டார்ட் பண்ண முடியாது. எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் முடியாது.

ஒரேயொரு "டக்", அப்புறம் அமைதி

என் காசு போன இடம் இதுதான்.

ஒரு மார்கழிக் காலை. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். திறப்பைத் திருப்பினேன், ஒரு டக். இன்னொரு தடவை, ஒரு டக். பற்றரி விற்கிற ஒருவரிடம் சொன்னதும் "பற்றரி முடிஞ்சிது" என்றார். புதியது வாங்கிப் போட்டேன். மூன்று கிழமை நன்றாக ஓடியது. மறுபடி டக். இந்தத் தடவை ஒரு கராஜில் ஸ்டார்ட்டரைக் கழற்றி, உள்ளே உரசி மின்சாரம் கொடுக்கும் காபன் கட்டைகளை மாற்றினார்கள். ஒரு மாதம் போனது. மறுபடியும் அதே டக். கடைசியில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் வந்து பார்த்தார். எதையும் கழற்றவில்லை. கறுப்பு ஜம்ப் வயரை எடுத்து, ஒரு நுனியைப் பற்றரி மைனஸிலும் மறு நுனியை எஞ்சின் இரும்பிலும் கொழுவிவிட்டு "இப்ப அடிங்க தம்பி" என்றார். ஒரே அடியில் பிடித்தது. "பற்றரியும் நல்லம், ஸ்டார்ட்டரும் நல்லம். போற கரண்ட் திரும்பி வாறத்துக்குத்தான் வழியில்ல" என்றார்.

எஞ்சினில் இருந்து உடம்புக்கும் பற்றரிக்கும் வரும் ஏர்த் வயர்தான் அந்த வழி. வெளியே ரப்பர் புதிதுபோல இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செப்பு நூல்கள் பச்சைத் தூளாகிக் கிடந்தன. பற்றரி மாற்றும்போதும் ஸ்டார்ட்டர் கழற்றும்போதும் அந்த வயர் கொஞ்சம் அசைந்து, தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டது. நான் அதைத் திருத்தம் என்று நினைத்துவிட்டேன். புதிய ஏர்த் வயரின் விலை நான் ஏற்கெனவே செலவழித்ததில் ஒரு துளி.

ஆகவே டக் கேட்டால் முதலில் அந்த ஜம்ப் வயர்ச் சோதனை. ஒரு நிமிட வேலை. மீற்றர் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்: ஒரு முள்ளைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வழி பழுது. அதேபோல் பற்றரி பிளஸுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் அளந்தால் பிளஸ் வயரின் நிலை தெரியும். அங்கேயும் அரை வோல்ட்தான் எல்லை. பற்றரியில் வோல்ட் இருப்பது போதாது, அது ஸ்டார்ட்டர் வரை போய்த் திரும்பிவருகிறதா என்பதைத்தான் இந்த அளவு சொல்கிறது.

இரண்டு வழியும் நல்லம், பற்றரியும் நல்லம், அப்பவும் டக் மட்டும்தான் என்றால் ஸ்டார்ட்டரே பிழை. காபன் தேய்ந்திருக்கும், அல்லது சொலினொயிட்டின் உள்ளே செப்புத் தகடு எரிந்திருக்கும். ஒருவர் திறப்பைப் பிடித்திருக்க, மற்றவர் ஸ்டார்ட்டர் உடம்பில் ஒரு மரத்தடியால் மெதுவாகத் தட்டினால் சில வேளை சுற்றும். அது கராஜ் வரை போவதற்கான உதவி, அடுத்த நாளைக்கு நம்பமுடியாது. தட்டும்போது கியர் கட்டாயம் எடுத்திருக்கவேண்டும். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கிட்டக் கையோ சாரமோ போகக்கூடாது.

லைட் நல்ல பிரகாசம், ஸ்டார்ட்டரில் சத்தமே இல்லை

ஓட்டோ கியர் என்றால் நெம்பை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள். பார்க்கிங்கில் பிடிக்காமல் நியூட்ரலில் பிடித்தால் கியர் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. கையால் கியர் போடும் புதிய கார்களில் கிளச்சை அடிவரை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் விடும். காலுக்கடியில் கார்ப்பெட் மடிந்து கிடந்தாலும் போதும், விடாது.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் மிதித்ததே காருக்குத் தெரியவில்லை. பிரேக் சுவிட்ச் அல்லது அதன் பியூஸ்தான் பிழை. இதை அறியாமல் பற்றரி, ஸ்டார்ட்டர் என்று கழற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன். திறப்பைக் கார் அடையாளம் காணவில்லை என்று காட்டினால், திறப்பையே பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். திறப்புக்குள் இருக்கும் சின்ன வட்டப் பற்றரி இறங்கியிருந்தாலும் பெரும்பாலான கார்களில் இது வேலை செய்யும்.

அப்புறம் ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். போனட்டுக்குள் இருக்கும் பியூஸ் பெட்டியின் மூடியில் எது ஸ்டார்ட்டர் ரிலே என்று படம் இருக்கும். ஹோர்ன் ரிலே அதே அச்சாக இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் பிழை கையில் வந்துவிட்டது.

டாஷ்போர்டிலும் ஒரு லைட்கூட இல்லை, கதவைத் திறந்தால் கூரை லைட்டும் இல்லை என்றால் இந்தத் தேடலே வேண்டாம். பற்றரி முழுதாக இறங்கியிருக்கும், முனை கழன்றிருக்கும், அல்லது பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரதான பியூஸ் போயிருக்கும். அந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் எஞ்சினைச் சுற்றினால் பற்றரியை விட்டுவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல பற்றரியும் நல்ல ஸ்டார்ட்டரும் பழுதாகும்.

இன்ஜெக்ஷன் கார்களில் திறப்பை ஓனில் வைத்ததும் பின் சீற் பக்கமிருந்து இரண்டு நொடிக்கு "ஊம்" என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். பெற்றோல் பம்ப் அது. சத்தம் இல்லை என்றால் அதன் பியூஸ், ரிலே, பிறகு பம்ப். சத்தம் இருக்கிறது, பெற்றோல் வாசமும் அடிக்கிறது என்றால் பெற்றோல் கூடிப்போயிருக்கும். அக்சிலரேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு அடித்துப் பாருங்கள். பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்துவிடும் டிஸ்ரிபியூட்டர் உள்ள பழைய கார்கள் மழைக்கால விடியலில் பிடிக்காவிட்டால் மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடைக்கவேண்டும். டீசல் வேன்களில் சுருள் அடையாளமுள்ள ஹீற்றர் லைட் அணையும் வரை பொறுங்கள்.

எஞ்சின் சுற்றாமல் ஸ்டார்ட்டர் மட்டும் "விர்ர்" என்று தனியே சுழன்றால் அதன் பல்லுச் சக்கரம் எஞ்சின் சக்கரத்தில் மாட்டவில்லை. கராஜ் வேலை, வழியில் செய்ய ஒன்றும் இல்லை.

வயல் வெட்டு முடிந்த காலங்களில் எலி வீட்டுப் பக்கம் வரும். காலையில் நல்லாக ஓடிய கார் மறுநாள் ஒரேயடியாகப் பிடிக்காவிட்டால் போனட்டுக்குள் டோர்ச் அடித்து எலிப் புழுக்கையும் கடித்த வயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் ஓடாமல் நிற்கும் காருக்குள் அது குடிவந்துவிடும்.

வெள்ளத்துக்குள் நின்றுபோன கார்

தண்ணீர் கடக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். திறப்பைத் தொடவே வேண்டாம். காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் போயிருந்தால் அது சிலிண்டருக்குள் நிற்கும். தண்ணீரை நெருக்க முடியாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். ஆயிரங்களில் முடியவேண்டிய வேலை இலட்சங்களுக்குப் போகும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பற்றரி மைனஸைக் கழற்றி, எயார் ஃபில்ற்றர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்ற்றர் நனைந்திருந்தால் இழுத்துக்கொண்டு போவதுதான் வழி. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்றவேண்டும்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்

இவற்றில் திறப்புச் சத்தக் கணக்கு பொருந்தாது. "ரெடி" லைட் வராததே அறிகுறி. பெரிய பற்றரி நன்றாக இருந்தாலும் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பற்றரி இறங்கினால் கணினி எழும்பாது, கார் அசையாது. அந்தப் பற்றரி பின்பக்கம் உள்ள பிரியஸில் போனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் ஜம்ப் பண்ணுவதற்கென்றே ஒரு பிளஸ் முனை இருக்கிறது. அந்தச் சின்னப் பற்றரி ஆட்கள் இருக்கும் இடத்தோடு சேர்ந்தே இருப்பதால் வாயு வெளியே போகும் குழாய் உள்ள வகையைத்தான் போடவேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பற்றரியைப் போடாதீர்கள். ஹைபிரிட்டில் இருந்து இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே கூடாது, அவற்றில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

ஒவ்வொரு காலையும் பற்றரி இறங்கியிருக்கிறது

கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போய் லைட்டை அணைக்காமல் விட்டு வந்தால் காரணம் தெரியும். காரணமே தெரியாமல் தினமும் இறங்கினால் ஏதோ ஒன்று இரவில் மின்சாரம் குடிக்கிறது. அடிக்கடி அகப்படுவது டிக்கி லைட். ஐந்து வாட் பல்ப்தான், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து அம்பியர்-மணி. சின்னக் கார்களின் 35 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டு மூன்று நாளில் படுத்துவிடும். போனில் வீடியோ எடுக்கவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள், அணைகிறதா இல்லையா தெரிந்துவிடும். அடுத்தது, கார் வாங்கியபின் பூட்டிய கமெரா, ரேடியோ செட், அலாரம்.

அளந்து பிடிக்க, மீற்றரின் சிவப்பு முள்ளைப் பத்து அம்பியர்த் துளைக்கு மாற்றி, கழற்றிய மைனஸ் வயருக்கும் பற்றரி மைனஸுக்கும் நடுவில் வையுங்கள். கதவெல்லாம் பூட்டி அரை மணித்தியாலம் பொறுக்கவேண்டும். கார்க் கணினிகள் உறங்க அவ்வளவு நேரம் எடுக்கும். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். கூடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருட்டு. மீற்றர் இப்படி இருக்கும்போது மறந்தும் திறப்பைத் திருப்பவேண்டாம், மீற்றர் எரிந்துவிடும்.

2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற கார்கள் பலவற்றின் பற்றரி படுத்ததற்கு வேறு காரணம். நாட்கணக்கில் நிற்கும், அப்புறம் பத்தடி நகர ஒரு ஸ்டார்ட், உடனே ஓஃப். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நேரமே இல்லை. கல்லடிக்கும் நகரத்துக்கும் மட்டும் ஓடும் காருக்கும் இதே கதைதான். கிழமைக்கு ஒரு தடவை கல்முனை வரைக்குமாவது ஓட்டுங்கள்.

ஓடும்போது பற்றரி லைட் எரிகிறது

சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட். அறுந்திருந்து, அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள், எஞ்சின் கொதித்துவிடும். பெல்ட் இருந்தால் ஏசி, செட் எல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை நிறுத்தாமல் கிட்டிய ஊர் வரை போகலாம். இரவில் ஹெட்லைட்டோடு ஒரு மணித்தியாலத்தைக்கூட நம்பமுடியாது. மீற்றரில் எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். 13க்குக் கீழே என்றால், ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டனேற்றர் பிழை. 15க்கு மேலே என்றால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் போய்விட்டது; அடிக்கடி பல்ப் எரிவதும் பற்றரித் தண்ணீர் வற்றுவதும் அதனால்தான்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றி, "நிக்குதா ஓடுதா" என்று ஓல்டனேற்றரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் உங்கள் காரில் அதைச் செய்யவிடாதீர்கள். பற்றரி இல்லாதபோது வோல்ட் எகிறி காரின் கணினி எரிந்துபோகும்.

லைட்டுகளின் கோளாறு

சிக்னல் ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் எரிந்திருக்கிறது. பிரேக் மிதித்தால் சிக்னல் லைட்டும் மங்கலாக எரிகிறது, சிக்னல் போட்டால் பின்லைட்டும் சேர்ந்து துடிக்கிறது என்றால் பல்புகளை மாற்றிப் பிரயோசனமில்லை. அந்தப் பின்லைட்டின் ஏர்த் வயர் கறள் பிடித்திருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்துப் பல்புக்குள்ளால் வழி தேடுகிறது. என் எஞ்சினில் நடந்ததுதான், சிறிய அளவில். அந்த வயர் உடம்பில் பூட்டும் இடத்தைக் கழற்றி, தேய்த்து, வஸ்லின் பூசிப் பூட்டுங்கள்.

பியூஸ் எரிந்தால் அதே நிறத்தைப் போடுங்கள்: 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்ட பியூஸ்களை நான் கழற்றியிருக்கிறேன். அப்படிச் செய்தால் அடுத்து எரிவது வயர்தான், காரோடு சேர்த்து. புதிய பியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து உடம்பில் படுகிறது. டிக்கிக் கதவு மடியும் இடத்தில் இருக்கும் ரப்பர்க் குழாயையும், ஓட்டுநர் கதவின் பிணைச்சல் பக்கக் குழாயையும் முதலில் உருவிப் பாருங்கள். ஆயிரம் தடவை திறந்து மூடி, வயர் அறுவது பெரும்பாலும் அங்கேதான்.